“உங்கள் பெயர் என்ன?” – ஒரு கேள்வியின் வரலாறு



நம் வளாகத்தில் அறுபதைத் தாண்டியவர் இல்லாத வீடு குறைவு. கண்புரை, முழங்கால், ஆஞ்சியோ, மகள் பிரசவம் என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக எந்த பிளாக்கிலிருந்தாவது ஒருவர் எப்போதும் மருத்துவமனையில் இருப்பார். போய்ப் பார்த்துவிட்டு வருபவர்கள் லிஃப்டில் சொல்லும் குறைகளில் ஒன்றை நீங்களும் கேட்டிருப்பீர்கள்: “காலையிலிருந்து பத்துத் தடவை பேர் கேட்டாச்சு. கையில பட்டை கட்டியிருக்கு, ஃபைல்ல எழுதியிருக்கு, அப்புறமும் வந்து வந்து கேட்கிறாங்க!”

கோபம் நியாயம்தான். உடம்பு முடியாமல் படுத்திருக்கும்போது யாருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் அந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதை அறிந்துகொண்டால், பத்தாவது முறை கேட்கும் சிஸ்டர்மீது எரிச்சல் வராது. கேட்காமல் ஊசி போட வருபவரைப் பார்த்துத்தான் கவலை வரும்.

கட்டில் எண்ணே பெயராக இருந்த காலம்

செவிலியர் பணியை முறையான தொழிலாக்கிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், மருத்துவமனைகளைப் பற்றி எழுதிய நூலின் 1863-ஆம் ஆண்டுப் பதிப்பு முன்னுரையில் ஒரு கருத்தைச் சொன்னார். மருத்துவமனை செய்ய வேண்டிய முதல் காரியம், வந்த நோயாளிக்குத் தீங்கு செய்யாமல் இருப்பது என்பதே அது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பது விசித்திரமாகத் தோன்றலாம் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அன்று அவர் மனத்தில் இருந்தவை நோய்த்தொற்று, காற்றோட்டமின்மை, அழுக்கு. ஆள் மாறாட்டம் அப்போது பெரிய கவலை அல்ல. நோயாளிகள் வாரக்கணக்கில் ஒரே கட்டிலில் கிடந்தார்கள். மருந்து வகைகள் சொற்பம். தலைமாட்டில் ஓர் அட்டை இருந்தால் போதும்.

பிறகு நிலைமை மாறியது. மயக்க மருந்து, அறுவை சிகிச்சை, எக்ஸ்ரே, ரத்தம் ஏற்றுதல் எல்லாம் வந்தன. நோயாளி கட்டிலை விட்டு நகரத் தொடங்கினார். காலையில் ஸ்கேன், மதியம் தியேட்டர், இரவு ஐ.சி.யூ. என்று அவர் போகுமிடமெல்லாம் தலைமாட்டு அட்டை கூடவே போகாது. தன் பெயரைத் தானே சொல்லவும் பல நேரங்களில் அவரால் முடியாது. இன்று நாம் பேசும் பிரச்சினை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சிகாகோவின் இரண்டு குழந்தைகள்

தன் பெயரைச் சொல்லவே முடியாத நோயாளி யார்? பிறந்த குழந்தைதான்.

1930-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரே மருத்துவமனையில் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகள் வீட்டுக்குப் போய்விட்டன. ஒரு வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டும்போது அதன் உடம்பில் ஒட்டியிருந்த அடையாளச் சீட்டில் வேறொரு குடும்பத்தின் பெயர் இருந்தது. தவறு நடந்தது குழந்தையிலா, சீட்டிலா என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று மரபணுச் சோதனை கிடையாது. நகரின் சுகாதார ஆணையர் நிபுணர்களைக் கூட்டினார். ரத்த வகைச் சோதனைகூடச் செய்தார்கள். வாரக்கணக்கில் செய்தித்தாள்கள் இதையே எழுதின. கடைசியில் குழந்தைகள் கைமாறின. அத்தனை நாள் தாலாட்டி வளர்த்த பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த தாய்மார்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அந்தக் காலகட்டத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் ஒரு பழக்கம் பரவியது. எழுத்து பொறித்த சிறு மணிகளை நீல மணிகளோடு கோத்து, குழந்தையின் குடும்பப் பெயர் வரும்படி கழுத்திலோ கையிலோ கட்டுவார்கள். முடிச்சின் மேல் ஓர் ஈய மணியை நசுக்கி முத்திரை வைப்பார்கள். கத்தரித்தாலொழிய கழற்ற முடியாது. குழந்தையின் பாத ரேகையை மையில் தோய்த்துப் பதிவு செய்வதும் அதே காலத்து வழக்கம். 1950-களில் பெயர்ச்சீட்டைச் செருகும் பிளாஸ்டிக் கைப்பட்டைகள் சந்தைக்கு வந்தன. இன்று உங்கள் மணிக்கட்டில் கட்டும் பட்டை அந்த மணிமாலையின் வாரிசு. “வெட்டினால்தான் கழற்ற முடியும்” என்ற விதி மாறாமல் இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

ரத்தப் பையில் எழுதிய பெயர்

1901-இல் கார்ல் லான்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைக் கண்டறிந்து வெளியிட்டார். அதற்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றார். அதன்பின் எந்த ரத்தம் யாருக்குச் சேரும் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் ‘யாருக்கு’ என்பதை ஆய்வகம் சொல்ல முடியாது. கட்டிலருகே நிற்பவர்தான் சொல்ல வேண்டும்.

ரத்தம் ஏற்றுவதில் நேரும் ஆபத்துகளைத் தொகுக்கும் தேசியத் திட்டம் ஒன்று பிரிட்டனில் 1996-இல் தொடங்கியது. கிருமித்தொற்றுதான் பெரிய ஆபத்து என்று மக்கள் பயந்துகொண்டிருந்த காலம் அது. வந்த அறிக்கைகளில் அதிகம் இருந்ததோ வேறு வகை: ஒருவருக்கு உரிய ரத்தம் இன்னொருவருக்கு ஏற்றப்பட்ட நிகழ்வுகள். மாதிரி எடுக்கும்போது குழாயில் வேறு பெயரை ஒட்டுவது, ஏற்றும் முன் கைப்பட்டையையும் பையையும் ஒப்பிடாமல் விடுவது போன்ற சாதாரணச் சறுக்கல்களே காரணமாக இருந்தன. ரத்தம் ஏற்றுமுன் இரண்டு பேர் வந்து உரக்கப் படித்துச் சரிபார்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது வெறும் சடங்கில்லை.

யோகோஹாமா, 1999

இந்த வரலாற்றில் எல்லோரையும் உலுக்கிய நாள் 1999 ஜனவரி 11. இடம், ஜப்பானின் யோகோஹாமா நகரப் பல்கலைக்கழக மருத்துவமனை.

அன்று காலை இரண்டு முதியவர்களுக்கு அறுவை சிகிச்சை. 74 வயதுக்காரருக்கு இதயத்தில். 84 வயதுக்காரருக்கு நுரையீரலில். வார்டிலிருந்து ஒரே நர்ஸ் இரண்டு ஸ்ட்ரெச்சர்களையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்தார். தியேட்டர் வாசலில் நோயாளிகளை உள்ளே ஒப்படைக்கும் இடத்தில் யார் எவர் என்பது குழம்பியது. நோயாளிகள் ஒரு வழியாகவும், கேஸ் ஷீட்டுகள் வேறு வழியாகவும் போயின. இதய நோயாளி நுரையீரல் அறைக்கும், நுரையீரல் நோயாளி இதய அறைக்கும் சென்றார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா? கூப்பிட்டார்கள். வேறொருவரின் பெயரைச் சொல்லி அழைத்தபோதும் அந்த முதியவர்கள் மறுக்கவில்லை. பயம், வயது, காது மந்தம், யாரோ பேசுகிறார்கள் என்ற மரியாதை என எதுவாகவும் இருக்கலாம். நம் வீட்டுத் தாத்தாவும் அப்படித்தான் தலையாட்டுவார், இல்லையா?

அதற்குப் பிறகும் நிறுத்துவதற்கு வாய்ப்புகள் இருந்தன. நோயாளியின் முடி முந்தைய நாள் பார்த்ததுபோல் இல்லையே என்று மயக்க மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. வார்டுக்குப் போன் செய்து விசாரிக்கவும் செய்தார்கள். “அவர் கீழே வந்துவிட்டார்” என்று பதில் வந்தது. அது உண்மை, அவர் வந்துதான் இருந்தார், ஆனால் பக்கத்து அறைக்கு. இதயத்தின் நிலை முன்பு எடுத்த பரிசோதனையோடு பொருந்தவில்லை. அதற்கும் ஒரு விளக்கத்தைத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். இரண்டு அறுவை சிகிச்சைகளும் நடந்து முடிந்தன. ஐ.சி.யூ.வுக்கு வந்த பிறகுதான் ஆள் மாறியது தெரிந்தது.

மருத்துவர்கள்மீதும் செவிலியர்கள்மீதும் குற்ற வழக்கு தொடரப்பட்டது. மயக்க மருத்துவர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2007-இல் முடிந்தது. நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: நோயாளி யார் என்று உறுதி செய்வது சிகிச்சையின் அடிப்படை, குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும், மற்றவர் பார்த்திருப்பார் என்று நம்பி விட்டுவிடக் கூடாது.

‘பத்துத் தடவை கேட்கிறார்கள்’ என்ற நம் குறைக்கு விடை இந்தத் தீர்ப்பில் இருக்கிறது. பத்துப் பேர் கேட்கத்தான் வேண்டும். அதுவும் “நீங்கதானே ராமசாமி?” என்று அல்ல, “உங்கள் பெயர் என்ன?” என்று. முதல் கேள்விக்குத் தலையாட்டினால் போதும். இரண்டாவதற்கு வாயைத் திறந்து பதில் சொல்லியாக வேண்டும்.

பதினேழு சறுக்கல்கள்

அதே 1999-இன் இறுதியில் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவப் பிழைகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கக்கூடும் என்பது அதன் மதிப்பீடு. பிழை செய்த தனிமனிதரைத் தேடிப் பிடித்துத் தண்டிப்பதால் மட்டும் இது குறையாது, பிழை நடக்க இடம் தரும் ஏற்பாட்டைத் திருத்த வேண்டும் என்றது அறிக்கை.

அது ஏன் என்பதை 2002-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரை தெளிவாகக் காட்டியது. அமெரிக்கப் போதனை மருத்துவமனை ஒன்றில் 67 வயதுப் பெண் ஒருவர் மூளை ரத்தக்குழாய்ச் சிகிச்சை முடிந்து, வழக்கமான வார்டுக்குப் பதில் வேறு தளத்தில் படுத்திருந்தார். மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். அவர் பெயரைப்போலவே ஒலிக்கும் பெயருடைய 77 வயதுப் பெண்ணுக்கு இதயத்தில் ஒரு பரிசோதனை இருந்தது. போனில் பெயரைக் கேட்டு, முதலாமவரைக் கூட்டிப்போய்விட்டார்கள். “எனக்கு இப்படி ஒரு பரிசோதனை இருப்பதாக யாரும் சொல்லவில்லையே, எனக்கு வேண்டாம்” என்று அவர் சொன்னார். ஆனாலும் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். அவருடைய சொந்த மருத்துவக் குழுவிலிருந்து ஒருவர் வந்து கேட்டார். பெரிய மருத்துவர் உத்தரவிட்டிருப்பார் என்று எண்ணித் திரும்பினார். இதயத்துக்குள் கருவிகளைச் செலுத்திப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தபோது இன்னொரு மருத்துவரின் போன் வந்த பிறகுதான் உண்மை தெரிந்து, பாதியில் நிறுத்தினார்கள். நல்ல வேளையாக அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கட்டுரையாளர்கள் கணக்கெடுத்தபோது அந்த ஒரு நிகழ்வில் குறைந்தது 17 தனித்தனிப் பிழைகள் இருந்தன. எதுவும் தனியாக அந்த விபத்தை உண்டாக்கப் போதாது. பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதற்கு ஓர் உவமை சொன்னார்: துளைகள் உள்ள பாலாடைக்கட்டித் துண்டுகளை வரிசையாக நிறுத்துங்கள். ஒரு துண்டின் துளையை அடுத்த துண்டு அடைத்துவிடும். எல்லாத் துளைகளும் ஒரே நேர்க்கோட்டில் வரும் நாளில்தான் விபத்து நடக்கிறது. அந்த வரிசையில் கடைசித் துண்டு நோயாளியும் அவர் குடும்பமும்தான்.

2003 முதல் அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பு தன் பாதுகாப்பு இலக்குகளில் முதலாவதாக இதை வைத்தது: மருந்து, ரத்தம் எதுவானாலும் குறைந்தது இரண்டு அடையாளங்களைக் கொண்டு ஆளை உறுதி செய்ய வேண்டும், அறை எண்ணை அடையாளமாக எடுக்கக் கூடாது. 2007-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒன்பது பாதுகாப்புத் தீர்வுகளிலும் இது இடம்பெற்றது. நம் நாட்டில் 2005-இல் தொடங்கிய என்.ஏ.பி.எச். தரச்சான்று முறையும் நோயாளி அடையாளத்தை வலியுறுத்துகிறது.

வாடகை கார் தந்த யோசனை

1992-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் பணிபுரிந்த சூ கின்னிக் என்ற செவிலியர் வாடகை காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அங்கிருந்த ஊழியர் கையடக்கக் கருவி ஒன்றால் காரின் பார்கோடைப் படித்து நொடியில் கணக்கை முடித்தார். காருக்குச் செய்வதை நோயாளிக்கும் மருந்துக்கும் ஏன் செய்யக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. அங்கிருந்து பிறந்ததுதான் கைப்பட்டையையும் மருந்தையும் ஸ்கேன் செய்து, இரண்டும் பொருந்தினால் மட்டும் மருந்து கொடுக்கும் முறை. 1999–2000 வாக்கில் அது அந்த மருத்துவமனைகள் அனைத்துக்கும் பரவியது. பாஸ்டனின் பெரிய மருத்துவமனை ஒன்றில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், மருந்து கொடுப்பதில் நேரத் தவறு அல்லாத பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்தன.

இயந்திரம் வந்துவிட்டதால் கவலை தீர்ந்ததா என்றால், இல்லை. 2008-இல் வந்த இன்னொரு ஆய்வு, செவிலியர்கள் இந்த முறையைச் சுற்றிக்கொண்டு போகும் 15 வகை வழிகளைப் பட்டியலிட்டது. நோயாளியின் பார்கோடைக் கூடுதலாக அச்சிட்டு மருந்து வண்டியிலும் கதவு நிலையிலும் ஒட்டிவைத்து அதையே ஸ்கேன் செய்வது அவற்றில் ஒன்று. சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. கசங்கிப் படிக்க முடியாத பட்டை, தீர்ந்துபோன பேட்டரி, கிடைக்காத வைஃபை, அவசர நோயாளி என்று அவர்களுக்கும் காரணங்கள் இருந்தன.

வண்ணங்களும் ஒருமுறை ஏமாற்றின. 2005-இல் பென்சில்வேனியாவில் ஒரு செவிலியர் நோயாளிக்கு மஞ்சள் பட்டை கட்டினார். அவர் வேலை பார்த்த இன்னொரு மருத்துவமனையில் மஞ்சள் என்றால் ‘இந்தக் கையில் ஊசி குத்த வேண்டாம்’. இந்த மருத்துவமனையிலோ ‘இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம்’. நோயாளியின் இதயம் நின்றபோது முயற்சியைத் தொடங்காமல் தயங்கினார்கள். வேறொருவர் தவறைக் கண்டுபிடித்ததால் அவர் பிழைத்தார். ஆகவே உங்கள் பட்டையின் நிறம் என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்கு ஊர் அது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

நம் பெயர்களில் உள்ள சிக்கல்

நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரே வார்டில் இரண்டு எஸ். லட்சுமி இருப்பது அதிசயமில்லை. திருமணத்துக்குப் பின் சிலருக்கு இனிஷியல் மாறும், சிலருக்கு மாறாது. ஆதாரில் மீனாட்சிசுந்தரம், வீட்டில் சுந்தர், தெருவில் சார். பிறந்த தேதியும் அப்படித்தான்: பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த தேதி ஒன்று, ஜாதகத்தில் உள்ளது வேறு. மருத்துவமனையில் சொல்ல வேண்டியது ஃபைலில் பதிந்த பெயரையும் தேதியையும். சரியானது எது என்ற விவாதத்தைச் சேர்க்கையின்போதே முடித்துவிடுங்கள்.

நீங்களும் உடனிருப்பவரும் செய்யக்கூடியவை:

1. பட்டையில் உள்ள பெயர், வயது, மருத்துவமனை எண் மூன்றையும் கட்டும்போதே படித்துப் பாருங்கள். அரிக்கிறது என்று கழற்றாதீர்கள். இறுக்கமாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

2. நோயாளி விழிப்போடு இருந்தால் பெயரை அவரே சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.

3. “நீங்கதானே இன்னார்?” என்று கேட்டால் தலையாட்டாமல் முழுப்பெயரைச் சொல்லுங்கள். காது மந்தமான பெரியவர் என்றால் அதைச் செவிலியரிடம் முதலிலேயே தெரிவியுங்கள்.

4. அதே பெயரில் அல்லது அதைப்போன்ற பெயரில் பக்கத்தில் யாராவது இருந்தால் உடனே சொல்லுங்கள். ஜன்னலோரம், ஃபேனுக்குக் கீழே என்று சொல்லாமல் கட்டில் மாறாதீர்கள்.

5. புது மருந்தோ, எதிர்பாராத பரிசோதனையோ வந்தால் “இது எதற்கு, யாருக்கு?” என்று மரியாதையோடு கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

6. மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் சிஸ்டரை “டிரிப்ஸ் முடிஞ்சிடுச்சு, வாங்க” என்று நடுவில் கூப்பிடாதீர்கள். சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் செவிலியர்களைக் கவனித்து 2010-இல் வெளியான ஆய்வு, ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் பிழைகள் சுமார் 12 சதவீதம் கூடுவதாகக் கண்டது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் போன்ற அவசரம் என்றால் தயங்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. நம் வளாகத்தில் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனியாக வாழும் பெரியவர்கள் பலர். இரவில் ஆம்புலன்ஸ் வந்தால் கூடப்போவது பக்கத்து வீட்டுக்காரர்தான். அவருக்கு ‘மாமி’ என்று தெரியும். ஆதார் பெயர் தெரியாது. எனவே ஒரு தாளில் முழுப்பெயர், ஆவணத்தில் உள்ள பிறந்த தேதி, வழக்கமாகப் போகும் மருத்துவமனையின் எண், ஒவ்வாத மருந்து, இப்போது சாப்பிடும் மருந்துகள் ஆகியவற்றை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். செப்டம்பர் 17, உலக நோயாளர் பாதுகாப்பு நாள். அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதிவிடுங்கள். எழுதச் சிரமப்படும் அண்டை வீட்டுப் பெரியவருக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள்.